விட்டுவிட்டு நின்றுபோகும் பழைய கார்: பாகம் மாற்றுவதா, கோளாறைப் பிடிப்பதா, வயரிங்கையே மாற்றுவதா?

"இங்க கொண்டு வந்தா ஒழுங்கா ஓடுது அண்ணே." பழைய கார் வைத்திருப்பவர்கள் கராஜில் வந்து சொல்வதில் இதைவிட அடிக்கடி கேட்கும் வசனம் இல்லை. திருகோணமலை உவர்மலை ஏற்றத்தில் இழுத்து இழுத்து நின்ற கார், மெக்கானிக் பொனற்றைத் திறந்ததும் சீராக ஓடும். ஒரேயடியாகச் செத்துப்போன பாகத்தைக் கண்டுபிடிப்பது லேசு. வந்து வந்து போகும் மின்கோளாறுதான் ஆளையும் பணத்தையும் சேர்த்துக் கரைப்பது.

இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி வந்தது. இடைப்பட்ட காலத்தில் விற்றுவிடலாம் என்று நினைத்திருந்த பல பேர் தங்கள் டிஎக்ஸ் கொரோலாவையும், பொக்ஸ் லான்சரையும், பி11 சனியையும், மொறிஸ் மைனரையும் திருத்தித் திருத்தி ஓட்டினார்கள், இன்றும் ஓட்டுகிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும். சந்தேகப்படும் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றுவதா? மீற்றரும் பல்ப்பும் வைத்துக் கோளாறைத் தேடிப் பிடிப்பதா? பற்றரி மின்சாரத்தை விட்டுவிட்டு அறுத்துப் பொறி வரவைக்கும் பொயின்ற்றைக் கழற்றிவிட்டு எலக்ட்ரொனிக் இக்னிஷன் போடுவதா? அல்லது பழைய வயரிங்கை முழுதாக உருவிப் புதிதாக இழுப்பதா?

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் நிற்கும் அந்தக் கணத்தில் மின்சாரம் எந்தப் பக்கம் அறுகிறது என்று பார்க்காமல், மற்ற மூன்றில் எதற்கும் காசு இறக்கக் கூடாது. பார்த்த பிறகு அந்த மூன்றுமே சில கார்களுக்குச் சரியான வழிகள்தான்.

நம்முடைய ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்தபடி நிற்கும் காரின் ஒவ்வொரு இணைப்பிலும் உப்பு படிகிறது. உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரத்தோடு சேர்ந்த உப்பு செம்பைப் பச்சையாக்கும். வயரின் மேலுறை பளபளவென்று இருக்கும், உள்ளே கம்பி கறுத்து, நுனியில் இரண்டு இழைதான் மிச்சம் இருக்கும். அந்த இரண்டு இழையில் மீற்றர் 12 வோல்ற் காட்டும். ஆனால் பொறிக்காக வோல்ற்றை உயர்த்தும் கொயில் நாலு அம்பியர் கேட்கும்போது அது தராது. மீற்றர் எண்ணை மட்டும் நம்பி வயர் நல்லது என்று விட்டுவிடுகிற இடம் இதுதான்.

காலநிலையே ஒரு துப்பும் தருகிறது. வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கித் தை வரை பெய்யும். அந்த நாட்களில் மட்டும் காலையில் எடுபடாமலும் மழையில் மிஸ் பண்ணியும் நிற்கிற கார் என்றால், உயர் மின்னழுத்தப் பக்கம் பாருங்கள்: பிளக் வயர், பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டெல்கோவின் மூடி, அதற்குள் சுழலும் றோட்டர். கச்சான் வீசுகிற ஆனி, ஆடி வெயிலில், அரைமணி நேரம் ஓடிச் சூடான பிறகு நின்று, ஆறவிட்டதும் மறுபடி எடுபடுகிறது என்றால் சூட்டில் உள்ளே விட்டுப்போகும் கொயில், பொயின்ற் கருகாமல் காக்கும் கண்டென்சர், பொயின்ற்றின் வேலையை எலக்ட்ரொனிக்காகச் செய்யும் இக்னிஷன் மொடியூல் என்று சந்தேகம் நகர வேண்டும். பழைய மினி வைத்திருப்பவர்களுக்கு மழை இன்னும் பெரிய எதிரி. அதன் டெல்கோ முன் கிறில்லுக்கு நேர் பின்னால் இருக்கிறது. தேங்கிய தண்ணீரில் வேகமாக இறங்கினால் நேராக அதன் மேல்தான் அடிக்கும்.

இன்னொன்றையும் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும்: இது மின்கோளாறுதானா, பெற்றோல் வராத கோளாறா? மின்சாரம் அறுந்தால் திறப்பைத் திருப்பி நிறுத்தினதுபோல் சட்டென்று நிற்கும். பெற்றோல் குறைந்தால் இழுவை போய், தடுமாறி, மெதுவாக அடங்கும். என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டகோமீற்றர் உள்ள கார் என்றால், கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே அதன் முள் பூச்சியத்துக்கு விழுகிறதா என்று பாருங்கள். கொயிலில் இருந்து தகவல் எடுக்கும் டகோவில் முள் விழுந்தால், பற்றரி மின்சாரம் ஓடும் கொயிலின் முதற்சுற்றில் மின்சாரம் நின்றுவிட்டது என்று பெரும்பாலும் பொருள். மொறிஸ் மைனரில் ஒரு சிக்கல் உண்டு. அதன் எஸ்யூ பெற்றோல் பம்புக்குள்ளேயே ஒரு சோடி பொயின்ற் இருக்கிறது. அது தேய்ந்து ஒட்டினால் பம்ப் நின்றுவிடும். ஒரு தட்டுத் தட்டினால் டிக் டிக் என்று திரும்ப வேலை செய்யும். இக்னிஷன் கோளாறு என்று நினைத்து டெல்கோவையே குடைந்துகொண்டிருந்த பலருக்கு விடை அந்தப் பம்பில்தான் இருந்திருக்கிறது.

இனி முதல் வழி: பாகம் மாற்றிப் பார்ப்பது. நம்மிடம் அதிகம் நடப்பது இதுதான். பொயின்ற், கண்டென்சர், றோட்டர், மூடி, பிளக் எல்லாம் தேய்மானப் பொருட்கள். எப்போது மாற்றியது என்று தெரியாத காரை வாங்கியிருக்கிறீர்கள் என்றால் இவற்றை மாற்றுவதில் தவறில்லை. பிளக் வயரும் அப்படியே. கார்பன் உள்ளீடு உள்ள வயர் வயதானால் உள்ளே விட்டுப்போகும். ஆனால் கோளாறு பிடிக்கும் முறையாக இது மோசமான முறை. கோளாறு தானாகவே வந்து போவதால், எதை மாற்றினாலும் இரண்டு நாளைக்குக் குணமானதுபோலத் தெரியும். புதிய பாகம் என்றால் நல்ல பாகம் என்ற நிச்சயமும் இல்லை. குறிப்பாகப் புதிதாக வரும் மலிவான கண்டென்சர்கள் சூட்டில் செயலிழப்பது உலகமெங்கும் பழைய கார்க்காரர்களின் முறைப்பாடு. கழற்றிய பழைய கண்டென்சர் வேலை செய்துகொண்டிருந்தது என்றால் அதைக் குப்பையில் போடாதீர்கள். டாஷ்போர்ட் பெட்டிக்குள் வையுங்கள். இன்னொன்று: ஒரே நேரத்தில் நாலு பாகம் மாற்றினால், எது குற்றவாளி என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது வழிக்குத்தான் நான் அதிகம் இடம் கொடுக்கப் போகிறேன், ஏனென்றால் அதைத்தான் ஆட்கள் செய்வதில்லை. தேவையான சாமான் பெரிதாக ஒன்றும் இல்லை: சின்ன 12 வோல்ற் பல்ப் இரண்டு, காருக்குள் இருக்கையிலிருந்து கொயில் வரை எட்டும் நீள வயர், ஒரு மல்டிமீற்றர். ஒரு பல்ப்பின் ஒரு முனையைக் கொயிலின் நேர் முனையிலும் மற்றதை நல்ல ஏர்த்திலும், அதாவது பற்றரியோடு இணைந்த காரின் வெறும் இரும்பிலும், கொடுங்கள். இரண்டாவது பல்ப்பைக் கொயிலின் எதிர் முனைக்கும் ஏர்த்துக்கும் இடையில் கொடுங்கள். டெல்கோவுக்குப் போகும் வயர் இருக்கும் முனை அதுதான். இரண்டையும் கண்ணில் படும்படி டாஷ்போர்ட்டில் ஒட்டிவிட்டு வழக்கம்போல் ஓடுங்கள். சுழலும் பாகத்திலும் சூடான எக்ஸோஸ்ட் குழாயிலும் வயர் படக் கூடாது. பக்கத்தில் ஒருவர் இருந்து பல்ப்பைப் பார்ப்பது பாதுகாப்பு. பற்றரியின் எதிர்முனை காரின் உடலோடு இணைந்திருக்கும் (எதிர்முனை ஏர்த்) என்ற கணக்கில் சொல்கிறேன். நேர்முனை ஏர்த் உள்ள பழைய பிரிட்டிஷ் காரில் முனைகளின் பெயர்தான் மாறும், முறை அதேதான்.

கார் நின்ற உடன் பல்ப்புகள் சொல்வது இது. முதல் பல்ப்பே அணைந்துவிட்டதா? கொயிலுக்கு மின்சாரமே வரவில்லை. இக்னிஷன் சுவிச், பியூஸ் பெட்டி, இடையில் உள்ள வயர், இணைப்பு, இவற்றுக்குள்தான் கோளாறு. டெல்கோவைத் திறக்கவே வேண்டாம். முதல் பல்ப் எரிகிறது, இரண்டாவது துடிக்காமல் நிலையாகப் பிரகாசமாக எரிகிறது என்றால் கொயிலை ஏர்த்துக்கு இணைத்து விடும் பக்கம் வேலை செய்யவில்லை: அழுக்கான பொயின்ற், டெல்கோவுக்குள் அறுந்த சின்ன வயர், அல்லது செத்த மொடியூல். முதல் பல்ப் எரிந்து இரண்டாவது முற்றாக அணைந்திருக்கிறது என்றால் கொயிலின் உள்சுற்று விட்டுவிட்டது, அல்லது எதிர்முனை ஏர்த்தில் ஒட்டி நிற்கிறது: கண்டென்சர் ஷோர்ட், அல்லது பொயின்ற் திறக்கவில்லை. இது என்ஜின் சுற்றும்போது பார்க்க வேண்டியது. நின்ற என்ஜினில் பொயின்ற் தற்செயலாக மூடிய நிலையில் இருந்தாலும் இரண்டாவது பல்ப் எரியாது. ஆகவே நின்றதும் ஸ்டார்ட்டரை அடித்துப் பாருங்கள். இரண்டாவது பல்ப் ஒழுங்காகத் துடிக்கிறது, கார் மட்டும் எடுபடவில்லை என்றால் உயர் அழுத்தப் பக்கம், கண்டென்சர், பெற்றோல் என்று தேடல் சுருங்கிவிடும்.

கடையில் ஒரு பொருளும் வாங்குவதற்கு முன்பே, முழு அமைப்பில் பாதிக்கு மேல் சந்தேகத்திலிருந்து நீங்கிவிடுகிறது. இந்த வழியை நான் தூக்கிப் பிடிக்கக் காரணம் அதுதான்.

அடுத்தது ஏர்த். திருகோணமலையில் ஓடும் காரில் மீற்றர் வைத்து முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். கொயிலின் முதற்சுற்று வயரைக் கழற்றி என்ஜின் எடுபடாமல் செய்துவிட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் ஏர்த் முனையில், கிளிப்பில் அல்ல, முனையிலேயே வையுங்கள். மற்றதை என்ஜின் உடலில் சுத்தமான இடத்தில் வையுங்கள். ஒருவர் ஸ்டார்ட்டர் அடிக்கட்டும். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஏர்த் பட்டியைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தப்படுத்துங்கள், அல்லது மாற்றுங்கள். என்ஜினுக்கும் காரின் உடலுக்கும் இடையிலான ஏர்த் பட்டி அறுந்த கார்களில் ஸ்டார்ட்டர் மின்சாரம் சோக் கேபிள் வழியாகவும் அக்ஸிலறேட்டர் கேபிள் வழியாகவும் போகும். அந்தக் கேபிள் தொடமுடியாதபடி சுடும். அதைக் கண்டால் வேறு சோதனை தேவையில்லை.

அதே முறையில் பற்றரியின் நேர் முனைக்கும் கொயிலின் நேர் முனைக்கும் இடையில் எவ்வளவு வோல்ற் தொலைகிறது என்றும் அளக்கலாம். இக்னிஷன் போட்டு, பொயின்ற் மூடியிருக்கும்போது மட்டும் அளக்க வேண்டும். பொயின்ற் திறந்திருந்தால் மின்சாரம் ஓடாது, எவ்வளவு கெட்ட வயரும் நல்ல வயராகத் தெரியும். அரை வோல்ற்றுக்கு மேல் தொலைந்தால் பியூஸ் பெட்டி, சுவிச், இணைப்பு என்று படிப்படியாக முனையை நகர்த்திப் போங்கள். கொயிலுக்கு முன்னால் வோல்ற்றைக் குறைக்கும் தடையான பலாஸ்ட் உள்ள காரில் பலாஸ்ட்டின் உள்வரும் முனை வரைதான் இந்தக் கணக்கு. அத்தகைய காரில் இன்னொரு அடையாளமும் உண்டு: ஸ்டார்ட்டர் அடிக்கும்போது எடுபட்டு, திறப்பை விட்டதும் நின்றுவிட்டால் பலாஸ்ட்டையோ, சுவிச்சின் ஓடும் நிலைத் தொடர்பையோ பாருங்கள்.

டெல்கோவுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு கோளாறைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என்ஜினின் உறிஞ்சல், அதாவது வக்கூம், இழுக்கும்போதெல்லாம் பொயின்ற் இருக்கும் தட்டு கொஞ்சம் திரும்பும். அந்தத் தட்டுக்குப் போகும் மெல்லிய வயரும், தட்டை உடலோடு சேர்க்கும் ஏர்த் வயரும் ஆண்டுக்கணக்காக வளைந்து வளைந்து மேலுறைக்குள்ளேயே அறுந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஐடிலில் நன்றாக நிற்கும், அக்ஸிலறேட்டர் கொடுக்கும்போது மட்டும் வெட்டும். காபரேற்றர் பக்கமிருந்து வக்கூம் குழாயைக் கழற்றி, என்ஜின் ஐடிலில் ஓடும்போது வாயால் உறிஞ்சிப் பாருங்கள். அப்போது என்ஜின் வெட்டினால் கோளாறு கைக்குள் வந்துவிட்டது. இதற்கு ஒரு சின்ன வயர்தான் செலவு. இது தெரியாமல் டெல்கோவையே மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்; அதுதான் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

மழைக்காலக் கோளாறுக்கு இருட்டு நல்ல துணை. இரவில் பொனற்றைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, பிளக் வயர்கள் மேலும் மூடி மேலும் தண்ணீரை மெல்லிய தூவலாக அடித்தால் நீலமாகப் பொறி கசியும் இடம் தெரியும். கையை உள்ளே விடாதீர்கள், பெற்றோல் கசிவு இருந்தால் இதைச் செய்யவே கூடாது, பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கிட்டப் போகக் கூடாது. மூடியின் உட்புறம் பென்சில் கோடுபோல் கறுப்புக் கீறல் இருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

மூன்றாவது, எலக்ட்ரொனிக் இக்னிஷன். டெல்கோவுக்குள் பொயின்ற்றுக்குப் பதில் உட்காரும் சின்ன மொடியூல்கள் வருகின்றன. இவற்றின் நன்மை உண்மையானது. தேய்மானம் இல்லை, கண்டென்சர் தேவையில்லை, டெல்கோ புஷ் தேய்ந்து தண்டு ஆடினாலும் பொயின்ற் அளவுக்குப் பொறி அடிக்கும் நேரம் கலையாது. பிரிட்டிஷ் கார்களின் லூக்கஸ் டெல்கோவில் பொயின்ற் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர் என்று பீலர் தகடு வைத்து அட்ஜஸ்ட் பண்ணத் தெரிந்தவர்கள் குறைந்துவரும் காலத்தில் இது ஒரு விடுதலைதான்.

ஆனால் இதைக் கோளாறுக்கு மருந்தாகப் போடுகிறவர்களைத் தடுக்கத்தான் நினைப்பேன். கொயிலுக்கு மின்சாரம் வராமல் நின்ற கார், மொடியூல் போட்ட பிறகும் நிற்கும். சொல்லப்போனால் அடிக்கடி நிற்கும்: பொயின்ற் குறைந்த வோல்ற்றிலும் எப்படியோ பொறி தரும், மொடியூலோ ஸ்டார்ட்டர் அடிக்கும்போது வோல்ற் மிகவும் விழுந்தால் வேலை செய்யாது. நேர்முனை ஏர்த் உள்ள காரில் எதிர்முனைக்கான மொடியூலை மாட்டினால் அந்த நிமிடமே எரிந்துவிடும். கொயிலின் தடையும் பொருந்த வேண்டும். பலாஸ்ட் இல்லாத கொயில் சுமார் 3 ஓம், பலாஸ்ட்டோடு வருவது சுமார் 1.5 ஓம், மொடியூலோடு வந்த தாளில் எது வேண்டும் என்று பார்க்காமல் மாட்டக் கூடாது. என்ஜின் ஓடாமல் இக்னிஷனைப் போட்டுவிட்டு றேடியோ கேட்பதும் சில மொடியூல்களைக் கொல்லும்.

எல்லாவற்றையும்விட நம் பாதைகளை நினைத்துப் பாருங்கள். கொழும்புக்குப் போகிறவர் கந்தளாய் தாண்டி ஹபரணை வரை காட்டு வழியில் போக வேண்டும். இரவில் யானை நிற்கும் பாதை அது. பொயின்ற் கறுத்து நின்றால் எமரி தாள் ஒரு துண்டு போதும், பத்து நிமிடத்தில் கிளம்பலாம். மொடியூல் நின்றால் அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே மொடியூல் போட்டால், அளவு வைத்துப் பூட்டிய பழைய பொயின்ற் தட்டையும் கண்டென்சரையும் டிக்கியில் வைத்துக்கொண்டு போடுங்கள். அப்படிச் செய்கிறவருக்கு இது நல்ல தெரிவு.

நாலாவது, முழு வயரிங். செலவிலும் நாளிலும் பெரியது இதுதான். சில கார்களுக்கு வேறு வழியும் இல்லை. வயரை வளைத்தால் மேலுறை நொறுங்குகிறது, எலி கடித்த இடங்கள், மூன்று உரிமையாளர்கள் முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் என்றால் அது தீப்பிடிக்கும் அபாயம். மொறிஸ் மைனர், மினி போன்ற கார்களில் கொயிலுக்குப் போகும் வயருக்கு பியூஸ் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆனால் முழுதாக உருவுவதற்கு முன் ஒரு நடுவழி இருக்கிறது. பற்றரியிலிருந்து பியூஸும் கையால் போடும் சுவிச்சும் வைத்த ஒரு தற்காலிக வயரைக் கொயிலுக்கு இழுத்து, பழைய வயரை அந்த முனையில் கழற்றிவிட்டு ஓடிப் பாருங்கள். பலாஸ்ட் உள்ள காரில் பலாஸ்ட்டின் முன்னால்தான் கொடுக்க வேண்டும். கோளாறு வராமல் போனால் தவறு அந்த ஒரு வழியில்தான். அந்த வழியை மட்டும் புதிதாக்கினால் போதும். பின்னாளில் பூட்டிய அலாரம், திருட்டைத் தடுக்கும் கட் சுவிச், ரிமோட் லொக் எதுவும் இக்னிஷன் வயரை வெட்டிப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல கார்களில் அந்த முறுக்கிய இணைப்புத்தான் முழுக் கதையும்.

முழு வயரிங் செய்வதென்று முடிவெடுத்தால் மூன்று விடயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய நிறங்களையே போடச் சொல்லுங்கள்: லூக்கஸ் முறையில் பழுப்பு பற்றரியில் இருந்து வருவது, வெள்ளை இக்னிஷன், வெள்ளையில் கறுப்புக் கோடு கொயிலில் இருந்து டெல்கோவுக்கு, கறுப்பு ஏர்த். எல்லாம் சிவப்பில் இழுத்த காரில் அடுத்த கோளாறை யாரும் தேட முடியாது. இணைப்புகளைச் சரியான கிரிம்ப் கருவியால் அழுத்தி, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போடச் சொல்லுங்கள். ஈயம் உருக்கி ஒட்ட விடாதீர்கள்: ஈயம் பிடித்த இடத்தை அடுத்து வயர் விறைத்து, அதிர்வில் அறும். படகுகளுக்குப் போடும் வெள்ளீயம் பூசிய செப்பு வயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். உப்புக் காற்றைத் தாங்க அதைவிட நல்லது இல்லை.

தொண்ணூறுகளில் வந்த, கம்பியூட்டர் அளந்து பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்ஷன் கார்களுக்குக் கணக்குக் கொஞ்சம் வேறு. ஸ்கானர் பொருந்தாத பழைய டொயோட்டாக்களில்கூடப் பொனற்றுக்குள் இருக்கும் சோதனைப் பெட்டியில் டிஇ1 (TE1), இ1 (E1) என்ற இரண்டு துளைகளையும் ஒரு கம்பியால் இணைத்து இக்னிஷனைப் போட்டால், என்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்து எண் சொல்லும். 12, 13 என்றால் என்ஜின் சுழலும் தகவல் வரவில்லை. 14 என்றால் பொறி அடித்ததாக, கொயிலை இயக்கும் பெட்டியான இக்னைட்டர் பதில் சொல்லவில்லை. துளைகளின் பெயர் மூடியின் உட்புறம் எழுதியிருக்கும். பார்க்காமல் வேறு துளையில் செருகினால் கம்பியூட்டர் பெட்டியே போய்விடலாம். பற்றரியைக் கழற்றினால் இந்த எண்கள் அழிந்துவிடும். ஆகவே கார் நின்ற ஆத்திரத்தில் முதல் வேலையாகப் பற்றரியைக் கழற்றாதீர்கள்.

அப்படியானால் யாருக்கு எது? கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் தினமும் வேலைக்குப் போகிறவருக்கு: முதல் வார இறுதியில் ஏர்த்துகள் எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து, வாசலின் தடவிப் பூட்டி, இரண்டு பல்ப்பையும் மாட்டிவிடுங்கள். கோளாறு பிடிபட்ட பிறகு மொடியூல் உங்களுக்கு ஏற்றது. மாதத்தில் சில நாள் மட்டும் எடுக்கும் மொறிஸ் மைனருக்கோ ஒஸ்டினுக்கோ பொயின்ற்றே நல்லது. அதைக் கழற்ற ஒரு காரணமும் இல்லை. கடற்கரை வீட்டில் பல வருடம் நின்று உப்புப் பிடித்த காரை வாங்கி எழுப்புகிறவர் நாலாவது வழிக்குப் பணம் ஒதுக்கிவிட்டே விலை பேச வேண்டும். பாகம் மாற்றும் வழி யாருக்கு என்றால், நின்ற கணத்தில் பல்ப் எந்தப் பாகத்தைக் காட்டியதோ அந்த ஒரு பாகத்தை வாங்குகிறவருக்கு.

இதெல்லாம் கையால் செய்ய முடியாது, கராஜில்தான் விட வேண்டும் என்றால், காரோடு ஒரு தாளும் கொடுங்கள். நின்றபோது என்ஜின் சூடா குளிரா, மழையா வெயிலா, சட்டென்று நின்றதா தடுமாறி நின்றதா, டாஷ்போர்ட் விளக்குகள் எரிந்தனவா, ஸ்டார்ட்டர் சுற்றியதா, எவ்வளவு நேரம் கழித்து எடுபட்டது, கடைசியாக யார் எந்த வயரைத் தொட்டார்கள். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அந்த இடத்திலேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதினால் பாதி மறந்துவிடும். வயரிங் வேலை தெரிந்த அண்ணன் ஒருவர் கையில் அந்தத் தாள் கிடைத்தால், அவர் பொனற்றைத் திறக்கும்போதே எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துதான் திறப்பார்.